ஐம்பதாவது அடி

ஒவ்வொரு வருடமும் வைகாசி பிறந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய வீடியோ வந்துவிடும். யாரோ ஒரு மாமா அந்தக் காலத்துச் செல்போனில் எடுத்தது. மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர் தீக்குழிக்குள் இறங்குவார், நடப்பார், நடுவில் நின்றுவிடுவார். மற்றவர்கள் ஓடிக் கடக்கும் நெருப்பில் இவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நிற்பார். பிறகு கரையேறுவார். கூட்டம் “கோவிந்தா” என்று கத்துவதில் படம் குலுங்கி முடிந்துவிடும். கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள் விழும். நான் மட்டும் எதுவும் போடமாட்டேன். எனக்குப் பக்தி இல்லை என்று சித்தி குறைபட்டுக்கொள்வது உண்டு. அவர் ஏன் நின்றார் என்பது எனக்குத் தெரியும். நிற்கப்போகிறார் என்பதும் அப்போதே தெரியும். எனக்கு அப்போது பத்து வயது.

அவர் என் பெரியப்பா. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. சேத்தியாத்தோப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளிய எங்கள் ஊரில் அவரும் பெரியம்மாவும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் அவரை ஒட்டிக்கொண்டு திரியும் வால். ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் வருடம் தவறாமல் தீ மிதிப்பவர் என்பதால் தெருவில் அவருக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. சர்க்கரைக்கு மாத்திரை போடவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், நினைவு வந்த நாளில் போடுவார். பீடி மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை.

சாயங்காலம் ஆனால் அவர் கடைத்தெருவுக்கு டீ குடிக்கக் கிளம்புவார், கூடவே நானும். வழியில் அவர் நின்று நின்று போவார். சும்மா நிற்கமாட்டார். சுவரொட்டி எதிரில் நிற்பார். சினிமா, கட்சி, கோச்சிங் சென்டர், எது ஒட்டியிருந்தாலும் முதல் வரியிலிருந்து அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிப்பார். கண்ணீர் அஞ்சலி என்றால் இன்னும் விசேஷம். செத்துப் போனவரின் மகன்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள் பெயரையெல்லாம் ஒன்று விடாமல் வாசித்துவிட்டு, “பாவம், நல்ல மனுசன்” என்பார். அந்த ஆளைப் பல சமயம் அவருக்குத் தெரிந்தே இருக்காது. சுற்றுப்பட்டில் இறந்தவர்களின் வம்ச வரலாறு முழுவதும் இரண்டே வருடத்தில் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

நின்று படிக்கும் மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி என்னதான் செய்வாள்? நான் அவர் அடிகளை எண்ணத் தொடங்கினேன். வீட்டுப் படியில் ஒன்று என்று ஆரம்பித்தால் ரேஷன் கடைச் சுவரில் இருநூற்றுச் சொச்சத்தில் நிற்பார். படித்து முடித்துக் கிளம்பினால் மறுபடி இருநூற்றுச் சொச்சம். இந்தக் கணக்கு பிசகாதது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அடுத்த வருடம் ரைஸ் மில் வாசலிலேயே, நூற்றிருபதில் நின்றார். அங்கே சுவரொட்டி எதுவும் இல்லை, மில்லின் பெயர்ப்பலகையைப் படித்தார். பிறகு எண்பது வந்தது. டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் மாட்டியிருந்த அபாயம் என்ற தகரத்தை அவர் தினமும் புதிதாகப் படிப்பதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அந்த வைகாசியில் ஐம்பது. ஐம்பதாவது அடியில் நிற்பார். நின்றபடி வலது கெண்டைக்காலைக் கையால் ஒரு பிடி பிடித்துவிடுவார். ஒரு போஸ்டர் படிக்கும் நேரம் ஆனதும் ஒன்றும் நடக்காதவர் போலக் கிளம்பிவிடுவார்.

“கால் வலிக்குதா பெரிப்பா?”

“வலியெல்லாம் இல்லம்மா. யாரோ புடிச்சு இறுக்குற மாதிரி இருக்குது. நின்னா விட்டுடும்.”

நின்றால் விட்டுவிடுகிற ஒன்றைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? வீட்டில் யாரும் படவில்லை. “முப்பது வருசம் ஓடுற பஸ்ஸுல நின்னே வேல பாத்தவரு. கால் தேயாம என்னா செய்யும்?” என்பார் பெரியம்மா. வயசு ஆகுது என்பார் அப்பா. பகல் தூக்கத்தில் பெரியப்பா வலது காலை மட்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டுதான் படுப்பார். மேலே தூக்கி வைத்தால் எரிகிறது என்பார். இன்னும் புட்போர்டில் தொங்குகிற நினைப்பு போகவில்லை என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தக் கால் கோடையிலும் சில்லென்று இருக்கும். முழங்காலுக்குக் கீழே முடியே கிடையாது, தேய்த்த பித்தளை மாதிரி மினுமினுப்பு. அக்னி நட்சத்திரத்து மத்தியானங்களில் நான் தரையில் படுத்து அந்தப் பாதத்தில் கன்னத்தை வைத்துக்கொள்வேன். பானைத் தண்ணீருக்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டில் குளிர்ச்சியான பொருள் அதுதான்.

அந்த வருடமும் அவர் காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டினால் தீ மிதிக்கும் நாள் வரை வீட்டுக்கே விரதம். கவுச்சி உள்ளே வரக்கூடாது. பெரியம்மா மீன்சட்டியைக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிடுவார். ஆறாவது நாள் நான் பக்கத்துத் தெருவில் ஸ்டெல்லா வீட்டுக்கு விளையாடப் போனேன். ஸ்டெல்லாவின் அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், ஊரே நர்ஸம்மா என்று கூப்பிடும். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த சங்கரா மீனை அப்போதுதான் வறுத்து இறக்கியிருந்தார். எங்கள் வீட்டு விரதம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தே இரண்டு துண்டு தின்றேன். வாயைக் கொப்பளித்துக் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தால், பெரியப்பா ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கிக் குடித்தார்.

தீமிதி அன்று காலையிலேயே நான் கோயிலடியில் விளையாடிக்கொண்டிருந்தேன். தீ மிதிப்பவர்கள் கடைசியாக வந்து நிற்கும் இடம் தேரடி. அங்கிருந்து குழியின் விளிம்பு வரை பெரியப்பாவைப் போல எட்டி அடி வைத்து எண்ணினேன், நாற்பத்தைந்து. சாயங்காலம் ஆற்றங்கரையிலிருந்து கரகத்தோடு ஊர்வலம் வந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் தீ மிதிப்பவர்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவினார்கள், பெரியப்பா அங்கங்கே நின்றது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. தேரடிக்கு வந்து வரிசையில் நின்றார். பம்பை வேகமெடுத்தது. அப்போதுதான் எனக்குள் கணக்கு ஓடியது. விளிம்பு வரை நாற்பத்தைந்து என்றால் மீதி ஐந்து. ஐந்தாவது அடி நெருப்பின் நடுவில்.

“அம்மா, பெரிப்பா நடுவுல நின்னுடுவாரு.”

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். “இன்னைக்கு என்னா பேச்சு பேசுற நீ? வாய மூடு.”

மூடிக்கொண்டேன். மூடிய வாய்க்குள் எண்ணினேன். பெரியப்பா ஓடவில்லை, விடுவிடுவென்று நடந்தார். நாற்பத்தாறில் நெருப்பில் கால் வைத்தார். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. நின்றார்.

கணக்கு சரியாக வந்ததில் எனக்கு ஒரு நொடி சந்தோஷம் கூட வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அடுத்த நொடியில் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். பெரியப்பா குனிந்து கெண்டைக்காலைப் பிடித்தார், தினமும் டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்கு எதிரில் பிடிப்பாரே, அதே பிடி. அவர் முகத்தில் வலி இல்லை. எரிச்சல்தான் இருந்தது. பிறகு வலது காலை இழுத்து இழுத்து வைத்துக் கரையேறிப் பால் குழியில் இறங்கினார். கூட்டம் வெடித்தது. அம்மா மட்டும் கோவிந்தா சொல்லவில்லை. திரும்பி என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா பயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அம்மனே அவரைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டாள் என்று ஊர் முடிவு செய்தது. வீடு வரைக்கும் பெண்கள் அவர் காலில் விழுந்தார்கள். விழுந்தவர்கள் பாதத்தின் மேற்புறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அடிப்பாதத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். மறுநாள் மத்தியானம் வழக்கம்போலக் கன்னத்தை வைத்துக்கொள்ளப் போனபோது பார்த்தேன். வலது அடிப்பாதத்தின் தோல் கஞ்சி ஆடை மாதிரி வெள்ளையாக எழும்பிக் கழன்று கிடந்தது, உள்ளே கருஞ்சிவப்பு. அலற வாயைத் திறந்தேன், பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சத்தம் போடாதடா கண்ணு. வலி ஒண்ணும் இல்ல. இடது காலு கூட கொஞ்சம் காந்துது, இது மரக்கட்ட மாதிரி கம்முனு கெடக்குது. அம்மன் வலிய வாங்கிக்கிட்டா.”

“நர்ஸம்மாவக் கூப்புடட்டுமா?”

“வேணாம். காலு வெந்துடுச்சின்னா விரதத்துல குத்தம்னு பேசுவாங்க. இருபத்தேழு வருசமா மிதிக்கறேன், ஒரு கொப்புளம் வந்ததில்ல. யாருகிட்டயும் சொல்லமாட்டன்னு சொல்லு.”

சத்தியம் செய்தேன். அவர் மானத்துக்காகச் செய்ததாக அவர் நினைத்திருப்பார். எனக்கோ காதில் விழுந்தது ஒரே சொல், குத்தம். இரண்டு துண்டு சங்கரா மீன், ஒரு சொம்பு தண்ணீர், கூடவே நின்றுவிடுவார் என்று நான் விட்ட வாய். பெரியப்பாவின் காலைச் சுட்டது நான்தான். பத்து வயதில் அதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்து வந்த மூன்று வாரமும் மறைப்பதிலேயே போனது. பெரியப்பா பெரியம்மாவிடம் சின்னக் கொப்புளம் என்று சொல்லிவிட்டார். அவரும் ஊர் வாய்க்குப் பயந்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினார். அதன் மேல் பெரியப்பா கண்டக்டர் உத்தியோகத்துக் கறுப்புச் சாக்ஸைப் போட்டுக்கொண்டார், வேகாத வெயிலில். அவருக்குக் கால் குளிருகிறது என்று வந்தவர்களிடம் சொன்னோம். காலைத் தொட்டுக் கும்பிட வந்தவர்கள் சாக்ஸைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நானும் பள்ளிக்கூடம் திறக்கும் வரை காலையும் மாலையும் அம்மனிடம் தோப்புக்கரணம் போட்டேன். இடது காலின் காந்தல் ஒரு வாரத்தில் ஆறிப் புதுத்தோல் வந்தது. வலது கால் ஆறவே இல்லை. இரண்டாவது விரல் முதலில் நீலம் பாரித்தது, அப்புறம் கறுத்தது. சாம்பல் அப்பிக்கொண்டது என்றார். தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. வீட்டுக்குள் ஊதுவத்தி கொளுத்தினாலும் அடங்காத ஒரு வாடை வந்தது.

ஒரு சனிக்கிழமை ஸ்டெல்லா வீட்டில் நர்ஸம்மா தட்டில் மீன் வைத்தார். அதைப் பார்த்ததும் நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

“உங்க வீட்டு மீன நான் தின்னதாலதான் பெரிப்பா காலு வெந்துடுச்சி. இப்ப வெரலு கறுத்துப்போச்சி. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

நர்ஸம்மாவுக்கு மீனும் சத்தியமும் காதில் ஏறவில்லை. “என்னா கறுத்துப்போச்சி?” என்றார். கை கழுவினாரா என்று கூட எனக்கு நினைவில்லை, என்னை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார். பெரியப்பா சாக்ஸைக் கழற்ற மறுத்தார். நர்ஸம்மா தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, தானே உருவினார். பெரியம்மா வாசல் கதவைச் சாத்தினார்.

நர்ஸம்மா புண்ணைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். பிறகு செய்தது எங்கள் யாருக்கும் புரியவில்லை. பாதத்தின் மேலே இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கணுக்காலுக்குப் பின்னால் வைத்தார், முழங்காலுக்குப் பின்னால் வைத்தார். இடது காலில் வைத்தார். மறுபடி வலது. தன் விரலையே நம்பாதவர் போல என்னைக் கூப்பிட்டு என் விரலைப் பிடித்து என் பாதத்தின் மேலேயே வைத்தார்.

“துடிக்குதா?”

“துடிக்குது.”

“இங்க?”

பெரியப்பாவின் பாதம். அழுத்தினேன், நகர்த்தினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நான் கன்னம் வைத்துப் படுத்த அந்தக் குளிர்ந்த காலில் துடிப்பே இல்லை. என்னை யாரோ கிணற்றில் தள்ளிவிட்டது போல இருந்தது. பெரியப்பா செத்துவிட்டாரா என்று நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன், அவர் கண் சிமிட்டினார்.

“நடந்தா கால் வலிச்சிதா இவருக்கு? எவ்ளோ தூரம் போனா வலிக்கும்?” என்று கேட்டார் நர்ஸம்மா.

“அதெல்லாம் நல்லாத்தான் நடப்பாரு. தீயிலயே நடந்தாரே,” என்றார் பெரியம்மா.

நான் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னேன். போன வருசத்துக்கு முந்தின வருசம் இருநூறு, அப்புறம் நூற்றிருபது, எண்பது, இப்போ ஐம்பது. நின்னா விட்டுடும். படுத்தா எரியும், தொங்கப்போட்டா எரியாது. நர்ஸம்மா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

“இவ்ளோ தெரிஞ்சிருக்கு. ஏண்டி யாருகிட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கல,” என்றேன்.

அன்று சாயங்காலமே சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்த டாக்டரும் அதே இடங்களில் விரல் வைத்துப் பார்த்தார், பிறகு காலில் ஏதோ கருவியை வைத்து இரைச்சல் கேட்டார். இரண்டு நாள் கழித்து நர்ஸம்மா எங்களைப் பார்க்க வந்தபோது, வராந்தாவில் என் முன்னால் குந்தி உட்கார்ந்து சொன்னார். “உன் மீனாலயும் இல்ல, உன் வாயாலயும் இல்ல. காலுக்குப் போற ரத்தக்குழா உள்ள அடைச்சிக்கினு வந்திருக்கு, பல வருசமா. சக்கரையில கால் மரத்தும் போச்சி, அதான் நெருப்பு சுடல. ரத்தம் போவாத எடத்துல புண்ணு எப்படி ஆறும்? நடந்தா வலி, நின்னா சரியாவுது, இத முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்.” அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொன்னார். முழங்காலுக்குக் கீழே என்றார், நாளைக்குக் காலையில் என்றார். அது என் காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை. மீனால் இல்லை. மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் உருண்டு போய்விட்டது. நான் அந்த வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன்.

பெரியப்பா அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தார், கட்டைக் காலோடு. பீடியை விட்டுவிட்டார், தீ மிதிக்கவில்லை. அவர் போன பிறகும் எனக்கு ஒரு பழக்கம் தங்கிவிட்டது. கடலூரில் வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது யாராவது வயதானவர் சுவரொட்டிக்கு எதிரில் நின்று நிதானமாகப் படித்தால், என்னை அறியாமல் பின்னாலேயே போய் எண்ணத் தொடங்கிவிடுவேன். மறுபடியும் அதே கணக்கில் நின்றால் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிடுவேன். இரண்டொருவர் என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மறுநாள் காலையை. பெரியப்பாவைத் தள்ளுவண்டிக் கட்டிலில் படுக்கவைத்துப் பச்சைப் போர்வை போர்த்தினார்கள். வராந்தா நீளமானது, அதன் கடைசியில் இருந்தது ஆபரேஷன் தியேட்டர் கதவு. பெரியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார், அம்மாவும் அப்பாவும் பின்னால், நான் பக்கத்தில். வண்டி நகர்ந்ததும் பழக்க தோஷத்தில் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். பெரியப்பா தலையைத் திருப்பி என் உதட்டைப் பார்த்துவிட்டார். அவரும் சத்தமில்லாமல் கூட எண்ணினார். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பது வந்தது, வண்டி நிற்கவில்லை. அறுபது. எண்பது. நூற்றிருபதைத் தாண்டியபோதும் பெரியப்பா நிற்கவில்லை. ஒரு வருடமாக அவர் நிற்காமல் இவ்வளவு தூரம் போய் நான் பார்த்ததே இல்லை. அவர் கால் சரியாகிக்கொண்டு வருகிறது என்றே நினைத்தேன்.

கதவு சாத்தியதும் நான் கைதட்டினேன். “நூத்தி முப்பத்தாறு பெரிம்மா, பெரிப்பா நிக்கவே இல்ல,” என்றேன். பெரியம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே என் தலையில் வந்து இறங்கி, வெகுநேரம் அங்கேயே இருந்தது. எதற்காக அடிக்க வந்தார், எதற்காக அடிக்காமல் விட்டார், எனக்கு இரண்டுமே விளங்கவில்லை.